ஜெனீவாவுக்குத் தேர்வான அடி

பொறாமை நல்ல குணம் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயிலில் சாமியார் சொல்வதை லீமா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவள்தான். ஆனால் சாமியார் புதுக்கடைச் சந்தையில் மீன் விற்றவரில்லை. பக்கத்தில் இருந்து மீன் விற்கிறவள் மே மாத வெயிலில் கம்பளிச் சுவெட்டர் மாட்டிக்கொண்டு, வேர்த்து வடிய வடிய, "சாளை வேணுமா சாளை" என்று கூவுவதை அவர் பார்த்தவருமில்லை. பார்த்திருந்தால் அவருக்கும் வயிறு எரிந்திருக்கும்.

சுவெட்டருக்குள் இருந்தவள் அஜிஷா. லீமாவைவிடப் பத்து வயது இளையவள். இரண்டு பேருக்கும் ஒரே கடப்புறத்து மீனவ ஊர். ஒரே ஆட்டோவில் மீன் கொண்டுவந்து, சந்தையில் ஒரே சாக்கை விரித்து, ஆளுக்குப் பாதியாக உட்காருகிறவர்கள்.

"தெவசமும் மூணு மணிக்கூர் இதப் போட்டுப் பழகணுமாம் அக்கா. ஜெனீவால குளிரு அப்பிடியாம்."

"பழகு. எனக்க அயலை மீனு மேல வேர்வை சொட்டாமப் பழகு," என்றாள் லீமா.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். அஜிஷா வாங்கியது செவுட்டில் ஒரே ஓர் அடி. லீமா வாங்கியது மடக்கு நாற்காலியால். இடது கை எலும்பு இரண்டு துண்டு. அஜிஷாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருசம். லீமா இருபது வருசமாக வாங்குகிறாள். பெண்கள் மீதான வன்முறையைப் பற்றி உலக நாடுகள் முன்னால் எடுத்துச் சொல்ல இந்த மாவட்டத்திலிருந்து ஒருத்தி போகவேண்டும் என்றால் அனுபவம் பார்க்க வேண்டாமா? நேற்று அடிவாங்க ஆரம்பித்தவளுக்கு ஜெனீவா, இவளுக்கு மாவுக்கட்டு!

நடந்தது இதுதான். லீமாவின் கெட்டியவன் பெயர் ஏசுஅடிமை. ஆழ்கடல் போட்டில் போகிறவன். கடலுக்குப் போனால் நாற்பது நாள், கரைக்கு வந்தால் பத்து நாள். அந்தப் பத்து நாளும் லீமாவுக்கு அடி உண்டு. இந்த முறை குழம்பில் புளி கூடிவிட்டது என்று நாற்காலியைத் தூக்கினான். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதவன்போலப் போட்டேறிவிட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு திரும்பிய லீமா, வாசலில் நின்று வீட்டைப் பார்த்தாள். வீடு அவளுடையது, அப்பன் சீதனமாக அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. ஏசுஅடிமை இனி இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்று ஒரு காகிதம் கிடைத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். போட்டு திரும்புமுன் கிடைக்க வேண்டும். நாற்பது நாள் இருந்தது.

காவல் நிலையத்து ரைட்டர் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, பேனாவை மூடினார்.

"இனிமே இதெல்லாம் நாங்க எடுக்கப்பிடாதும்மா. நாடு உலக ஒப்பந்தம் போட்டிருக்கு. ஒங்களுக்கு விழுந்த அடி இப்ப சர்வதேசப் பிரச்சினை. எங்க அதிகாரத்துக்கெல்லாம் மேல போயாச்சு. நாகர்கோவில்ல புதுசா ஆபீஸ் தெறந்திருக்காங்க, அங்க போங்க."

லீமாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. துணைக்கு அஜிஷாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அந்த ஒரு காரியத்தை நினைத்து நினைத்துப் பிற்பாடு எத்தனையோ முறை பல்லைக் கடித்தாள்.

ஆபீசின் பெயர், பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிப்பதற்கான உலக ஒப்பந்தத்தின் மாவட்ட அளவிலான அமலாக்கத்தை ஒருங்கிணைப்பதற்கான தனிப்பிரிவு. அதை எழுதிவருகையில் முன்சுவர் முடிந்துபோயிற்று. ஆகவே 'தனிப்பிரிவு' மட்டும் பக்கச் சுவரில், ஆண்கள் கழிவறைக் கதவுக்கு மேலே இருந்தது. பெண்கள் கழிவறை பூட்டிக் கிடந்தது. அதற்குள் ஒப்பந்தத்தின் சுவரொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

தனி அலுவலர் நாராயணபெருமாள் இதற்கு முன்பு கோமாரி நோய் ஒழிப்பில் இருந்தவர். அதற்கும் முன்பு தெருநாய்த் தொல்லை ஒழிப்பு. ஒழிப்பு என்று வந்தால் அரசாங்கத்துக்கு அவர் ஞாபகம்தான் வரும். லீமாவும் அஜிஷாவும் உள்ளே நுழைந்ததும் பழைய பழக்கத்தில், "எத்தனை உருப்படி?" என்று கேட்டார்.

விண்ணப்பம் பதினாலு பக்கம். ஆலோசகர் ரேஷ்மி கேட்கக் கேட்க லீமா பதில் சொன்னாள். ரேஷ்மி நல்ல பெண். கேள்விகள் அவள் எழுதியவை அல்ல.

"அடிச்சவர் ஒப்பந்தத்தப் படிச்சிருக்காரா?"

"அவன் பஸ் போர்டே வாசிக்க மாட்டான் மேடம்."

"அடிக்கிறதுக்கு முன்னாடி பாதிக்கப்பட்டவரோட கருத்து கேட்கப்பட்டதா?"

"கேட்டான். 'வாங்குவியா வாங்குவியா'ன்னு கேட்டான்."

ரேஷ்மி 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டாள். ஒன்பதாவது பக்கம் வந்தபோது, சும்மா உட்கார்ந்திருந்த அஜிஷா வாயைத் திறந்தாள். "எனக்கும் போன மாசம் செவுட்டுல ஒண்ணு கிட்டிச்சு மேடம். எனக்க கெட்டியவன் சஜின், லோடு ஆட்டோ ஓட்டுதான். பெறவு மாப்பு கேட்டான், விட்டுட்டேன்."

ரேஷ்மி பேனாவைக் கீழே வைத்தாள். நாராயணபெருமாள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஒரே அடியா? காயம் உண்டா? மாப்பு கேட்டாரா? நெசமாத்தானா?"

பத்து நாள் கழித்து இரண்டு பேரையும் அழைத்து முடிவைச் சொன்னார்கள். நாலு வருசத்துக்கு ஒருமுறை நாடு உலகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்; அதில் இந்த மாவட்டத்தின் வெற்றிக் கதையாக அஜிஷா வருகிறாள், அவளே ஜெனீவாவில் பேசவும் வேண்டும். லீமா கட்டுப் போட்ட கையை மேசைமேல் எடுத்து வைத்தாள்.

"எனக்க எலும்பு முறிஞ்சதுக்கு ஒண்ணும் இல்லியா சாரே?"

"ஒங்களுக்கு விழுந்தது ரொம்பக் கூடுதல்மா," என்றார் நாராயணபெருமாள், ஆறுதலாக. "எலும்பு முறிஞ்சா வெளிநாட்டுக்காரன் குறுக்குக் கேள்வி கேப்பான். இதுக்கு முன்ன எத்தன தடவ, யாருட்ட சொன்னீங்க, அவங்க என்ன செஞ்சாங்கன்னு கேப்பான். நமக்கு எதுக்கு அந்த வம்பு? இந்த அம்மாவுக்குள்ளது அளவான அடி. தீர்த்து வைக்கத் தோதான அடி. தீர்ந்தத எழுதினாத்தான் அறிக்கை. தீராதத எழுதினா அது புகாருல்லா?"

"அப்ப எனக்க காகிதம்?"

"அறிக்கை போகட்டும். இப்ப ஆபீஸ் முழுக்க இந்த ஒரு அடியிலதான் நிக்குது."

திரும்பும்போது பஸ்ஸில் அஜிஷா வறுத்த கப்பலண்டிக் கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். லீமா வாங்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஏசுஅடிமை மேல்தான் ஆத்திரமாக வந்தது. சவம், ஒரு அடியோடு நிறுத்தத் தெரியாத பயல்! கொஞ்சம் அளவாக அடித்திருந்தால் இன்றைக்கு இவளல்லவா ஜெனீவாவுக்குப் போவாள்?

அதன்பிறகு அஜிஷாவின் வீட்டுக்கு வந்தவை கொஞ்சமல்ல. ஒரு தையல் மிஷின் வந்தது. பழைய காலத்து இரும்புக் காலோடு, நாலு ஆள் பிடித்து இறக்குகிற கனம். மரப்பலகையில் 'உலக ஒப்பந்தத்தின் பயன்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஊசி மட்டும் இல்லை. அது அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். பிறகு சுவெட்டர். பிறகு மனப்பாடம் செய்ய இங்கிலீஷில் எட்டு வாக்கியம். சந்தையில் மீனுக்கு நடுவே அஜிஷா அதை முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு லீமாவுக்கும் பாடமாகிவிட்டது. கடைசி வாக்கியத்துக்கு, என் பிரச்சினை தீர்ந்தது, நன்றி என்று அர்த்தமாம்.

சஜினுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் போனான். மற்ற இரண்டு நாளும் அவன் பெயரில் அவன் சித்தப்பா மகன் கையெழுத்துப் போட்டான். முடிவில் 'திருந்திய கணவர்' என்று அரசு முத்திரையோடு சான்றிதழ் கொடுத்தார்கள்.

படம் எடுக்கவும் வந்தார்கள். சஜின் மனைவிக்குச் சாயா போட்டுக் கொடுப்பதுபோல எடுக்க வேண்டும். அவனுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியவில்லை, ஆகவே முக்கிலிருந்த கடையிலிருந்து சாயா வாங்கி வந்தார்கள். பின்னால் பொதுமக்கள் நின்று சந்தோசப்பட வேண்டும் என்று லீமாவையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கேமராக்காரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அந்த அம்மாவோட மாவுக்கட்ட முந்தானையால மூடுங்க, படத்துல தெரியுது," என்றான். லீமா மூடினாள். சிரிக்கவும் சொன்னான். சிரித்தாள்.

பாராட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஒப்பந்த அமலாக்கக் குழுவின் தலைவர் சுயம்புராஜ், கட்சியில் பெரிய ஆள், முக்கால் மணி நேரம் பேசினார்.

"தாய்மார்களே! வன்முறை கேவலம். என் வீட்டுல நான் இன்னைக்கு வரைக்கும் கை ஓங்கினதே கிடையாது. ஓங்க வேண்டிய அவசியமே வந்ததில்ல. நான் ஒரு தடவ செருமினாப் போதும், என் மனைவி எங்க இருந்தாலும் ஓடி வந்து நிப்பா. அப்பிடி ஒரு ஒற்றுமை!" கைதட்டல். "இந்த ஒப்பந்தத்த எப்பிடி நடைமுறைப்படுத்தணும்னு நாங்க பன்னிரண்டு பேர் மூணு நாள் ஓட்டல்ல ரூம் போட்டு விவாதிச்சோம். பன்னிரண்டு பேரும் ஆண்கள். ஏன்? பெண்களுக்கு வீட்டுல ஆயிரம் வேல இருக்கும், அவங்களத் தொந்தரவு செய்யக்கூடாது. அதுவும் ஒரு வன்முறைதானே?" மறுபடியும் கைதட்டல். "அஜிஷாவுக்கு விழுந்த அந்த ஒரு அடி மட்டும் விழாம இருந்தா, இன்னைக்கு இந்த மாவட்டம் உலகத்துக்கு முன்னால எந்த முகத்தோட நிக்கும்? நெனச்சுப் பாருங்க!"

முதல் பொன்னாடை சஜினுக்கு. திருந்தினவருக்குத்தான் முதல் மரியாதை என்றார் தலைவர். இரண்டாவது அஜிஷாவுக்கு. மூன்றாவது வரிசையில் இருந்த லீமா வலது கையால் தொடையில் தட்டினாள். இடது கை கட்டுக்குள் அரித்தது. விழா முடிந்ததும் மேடையருகே போய் நாராயணபெருமாளிடம், "சாரே, எனக்க காகிதம்," என்றாள். அவர் பொன்னாடைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

போட்டு போன முப்பத்தாறாவது நாள் அஜிஷா சுவெட்டர் இல்லாமல் சந்தைக்கு வந்தாள். முகத்தில் பவுடர் அப்பியிருந்தது. அந்தப் பவுடருக்கு நடுவே கீழுதடு கறுத்து வீங்கியிருந்தது.

சொல்ல வெட்கம்தான், லீமாவுக்கு முதலில் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. வந்த வேகத்திலேயே தன்மேல் அருவருப்பும் வந்தது. சாக்கில் தன் பாதியிலிருந்து ஒரு சாண் அஜிஷாவுக்கு விட்டுக் கொடுத்தாள்.

"எப்பட்டி அடிச்சான்?"

"மூணு நாளா தெவசமும்தான் அக்கா. மின்ன ஒரு தடவ அடிச்சிட்டு மாப்பாவது கேட்டான். இப்ப செவுத்துல தொங்குத சர்டிபிகேட்டக் காட்டுதான். 'எனக்கு கவர்மென்டே எழுதித் தந்தாச்சு, நீ எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லு'ங்கான்."

"நீ போனியா?"

"போனேன். ஸ்டேஷன்ல சர்டிபிகேட் நம்பரக் கேட்டாவ. திருந்தினவரு எப்பிடிம்மா அடிப்பாருன்னாவ. நாகர்கோவிலுக்குப் போனேன். அந்த சாரு ரொம்ப வருத்தப்பட்டாரு. நான் அறிக்கையில நூத்திப்பன்னிரண்டாம் பக்கத்துல தீர்ந்துட்டேனாம். இப்ப புகாரு குடுத்தா நாடு உலகத்துட்டப் பொய் சொன்ன மாதிரி ஆயிருமாம். 'அடிக்கியது ஒத்த ஆளு, பொய்யாவியது நூத்தி நாப்பது கோடி பேரு, யோசிச்சுக்க'ன்னாரு. அடுத்த அறிக்கை நாலு வருசம் கழிச்சு. அதுவர பொறுத்தா அப்ப புதுசா ஒரு அடியா எடுத்துக்கிடலாமாம்."

லீமா அயலை மேல் தண்ணீர் தெளித்தாள்.

"ஒனக்கு எனக்க மேல எரிச்சல்னு எனக்குத் தெரியும் அக்கா," என்றாள் அஜிஷா. உதடு வலித்ததால் மெல்லப் பேசினாள். "ஆனா இப்ப ஒன்னப் பாத்தா எனக்குத்தான் வயிறு எரியுது. ஒனக்கு ஒரு மனு இருக்கு. நீ அடிவாங்குனவன்னு ஒரு பேப்பர்லயாவது இருக்கு. நான் செத்தாலும் தீர்ந்தவதான்."

இருபது வருசத்தில் லீமாவைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. அவளுக்கு அழுகையாக வந்தது.

முப்பத்தெட்டாவது நாள் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அன்றைக்கே நாராயணபெருமாளிடமிருந்து போன் வந்தது, உடனே வரச்சொல்லி. லீமா அஜிஷாவை விடவில்லை. கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

"கட்டு பிரிச்சாச்சா? சந்தோசம்!" என்று நாராயணபெருமாள் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலும்பு கூடினதே ஒப்பந்தத்தோட வெற்றிதான். விசயம் என்னன்னா, நாளைக்கு ஜெனீவாவுல கூட்டம். பதினாலு பேர் அங்க போய்ச் சேர்ந்தாச்சு. பதினஞ்சாவது டிக்கெட் அஜிஷாவுக்குள்ளது, அதத் தலைவரோட மனைவிக்குக் குடுத்தாச்சு. அவரு செருமினா ஓடி வர ஒரு ஆளு வேணும்லா? அதனால பாதிக்கப்பட்டவர் இங்க இருந்தே காணொளியில பேசினாப் போதும். ஆனா இந்த உதட்டோட திரையில காட்ட முடியாது. நீங்க பேசுங்க. எட்டு வாக்கியம் ஒங்களுக்கும் பாடம்னு கேள்விப்பட்டேன்."

ரேஷ்மி, அஜிஷாவிடமிருந்து திருப்பி வாங்கி வைத்திருந்த சுவெட்டரை எடுத்து லீமாவின் மடியில் வைத்தாள். திரையில் பார்க்கிறவர்களுக்குக் குளிர் நாட்டில் இருப்பதுபோலத் தெரிய வேண்டுமாம். எவ்வளவு மெத்தென்று இருந்தது! இத்தனை நாளாக இவள் வயிற்றை எரித்த சுவெட்டர். உலகம் பூராவும் பார்க்கப் போகிறது. லீமா அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இதுல மட்டும் ஒரு கையெழுத்து," என்று நாராயணபெருமாள் அவளுடைய மனுவைத் திருப்பி வைத்தார். கடைசிப் பக்கத்தில் 'தீர்ந்தது' என்ற கட்டம் இருந்தது.

"கையெழுத்துப் போட்டா எனக்குக் காகிதம் கிட்டுமா?"

"தீர்ந்த பிறகு காகிதம் எதுக்கும்மா?"

லீமா அஜிஷாவைப் பார்த்தாள். அஜிஷா சுவெட்டரைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த மனுவையே பார்த்துக்கொண்டிருந்தாள், பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல. லீமா சுவெட்டரை மடித்தாள். விடத்தான் மனசில்லை, ஆனாலும் மேசைமேல் வைத்தாள்.

"தீரல்லன்னா இந்த மனுவுல இனியும் எதாவது எழுதிச் சேக்கலாமா சாரே?"

"நிலுவையில இருக்கிற மனுவுல கூடுதல் விவரம் எப்ப வேணும்னாலும் சேர்க்கலாம். விதி இருக்கு."

"அப்ப எழுதுங்க. அடிச்சவங்க ரெண்டு பேரு. ஒண்ணு ஏசுஅடிமை. ரெண்டாவது சஜின், லோடு ஆட்டோ ஓட்டுதவன். அடி வாயில. அடையாளம் இந்தா இருக்கு." அஜிஷாவின் தாடையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"என்னம்மா இது? சஜின் இவங்க புருசன்லா? அடி வாங்கினது இவங்க. மனு ஒங்களுக்குள்ளது."

"அவதான் தீர்ந்துட்டாளே! அவளுக்கு இனி அடி விழாதுன்னு நீங்கதானே எழுதி அனுப்புனிய? அப்ப அந்த அடி எங்க போவும்? பக்கத்துல இருந்த எனக்குத்தான் விழுந்துச்சு, அவளுக்க வாயில. ஒருத்திய இன்னாருதான் அடிக்கணும், இத்தன பேருதான் அடிக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கா?"

நாராயணபெருமாள் ஒப்பந்தத்தை எடுத்து முதல் பிரிவிலிருந்து புரட்டினார். ஆபீஸ் திறந்து இத்தனை நாளில் அவர் அதைப் பிரித்தது அன்றைக்குத்தான். முப்பது பிரிவையும் பார்த்தார். அப்படி ஒரு வரம்பு எங்கும் இல்லை. ரேஷ்மி பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினாள். நாராயணபெருமாள் தலையைப் பிடித்துக்கொண்டு, "உருப்படி ரெண்டுன்னு போட்டுக்க," என்றார்.

நாற்பதாவது நாள் மத்தியானம் ஏசுஅடிமையின் போட்டு துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்று தகவல் வந்தது. காகிதம் வரவில்லை. இரண்டு பேர் அடித்த மனுவுக்குத் தனிக் கோப்பு போட வேண்டும், மேலிடத்தில் கேட்டிருக்கிறோம் என்றார்கள். லீமா வாசலில் நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கூடிய எலும்பு இப்போதே வலிக்க ஆரம்பித்தது. கதவின் தாழ்ப்பாளைப் போன வருசமே ஏசுஅடிமை உதைத்துப் பெயர்த்திருந்தான்.

அப்போது தெருமுனையில் ஒரு சத்தம். சந்தைக்காரிகள் நாலு பேர், "பைய, பைய" என்று எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே துணிப்பையோடு அஜிஷா.

"இங்க இருந்துக்கிடுதேன் அக்கா. இதையும் எடுத்துட்டு வந்தேன்," என்றாள்.

மூன்று மணிக்கு ஏசுஅடிமை வந்தான். கதவைத் தட்டினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு தோளால் முட்டினான். கதவு அசையவில்லை. உள்ளே தையல் மிஷினைக் கதவோடு சேர்த்து வைத்து, அதன் பலகைமேல் லீமாவும் அஜிஷாவும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முட்டுக்கும் இரும்புக் கால் தரையில் கிறீச்சிட்டது, நகரவில்லை.

"இந்தக் கனம் கனக்குது. சவம், இதும் ஒனக்குத்தானே குடுத்தானுவ," என்றாள் லீமா. அந்த நேரத்திலும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அஜிஷா வீங்கின உதட்டைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அஜிஷாவின் போன் அடித்தது. ரேஷ்மி. ஜெனீவாவிலிருந்து கேட்கிறார்கள், உடனே பதில் வேண்டும் என்றாள். "மிஷின் பயன்பாட்டில இருக்கா?"

அஜிஷா போனை லீமாவிடம் நீட்டினாள். வெளியே ஏசுஅடிமை இன்னொரு தடவை முட்டினான். பலகை அதிர்ந்தது.

"இருக்கு மேடம்," என்றாள் லீமா. "இப்பகூட ரெண்டு பேரும் அதுலதான் இருக்கோம்."

அன்று மாலையே அறிக்கையின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி கூடியது: தையல் இயந்திரம் முழுப் பயன்பாட்டில் உள்ளது, பயனாளிகள் இருவர்.